மைலோ டப்பாவுக்குள் மாத்திரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அலுவலக நண்பர் ஒருவரைத் தேக்கா உணவங்காடி நிலையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அயர்லாந்துக்காரர், வயது முப்பதைத் தாண்டியிருக்கும். சிங்கப்பூருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நெய்த்தோசை மேசைக்கு வந்ததும் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, இரண்டு மாத்திரை, நாலைந்து குளிகை என்று வரிசையாக எடுத்து வைத்தார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நம் ஊரில் அந்த அளவுக்கு மாத்திரையைத் தாத்தாக்கள்தான் எடுத்து வைப்பார்கள்.

என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார். அவருக்கு இருப்பது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே வந்தது. குளிகைகள் சாப்பாடு செரிப்பதற்கு. மற்ற இரண்டும் புதிய மருந்து. அதைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால்தான் உடம்பில் சரியாகச் சேருமாம். "அதற்கு உங்கள் நெய்த்தோசையைவிடப் பொருத்தமான சாப்பாடு எங்கள் ஊரில்கூடக் கிடையாது" என்று சிரித்தார். மருத்துவர் சொல்லி நெய்த்தோசை சாப்பிடும் ஒரு மனிதரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

சிரித்துவிட்டு அவர் சொன்ன அடுத்த வாக்கியம்தான் இந்த வாரம் இதை எழுத வைத்தது. "பத்தொன்பது வயதில் இதையெல்லாம் நான் தூக்கிப் போட்டிருந்தேன், தெரியுமா?"

தெரியும். ஏனென்றால் அதே பத்தொன்பது வயதில் நானும் தூக்கிப் போட்டிருக்கிறேன். என்னுடைய நோய் வேறு, அவருடையது வேறு. இதை இந்தப் பத்தியில் இதுவரை எழுதியதில்லை. அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "இப்ப எழுதினா என்ன, அக்காவுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் அவருடைய கதை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒரு மரபணுக் கோளாறு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். உடம்பில் நீர்போல் ஓட வேண்டிய சளி பசைபோல் கெட்டியாகிவிடுகிறது. நுரையீரலில் அது தேங்கும் இடத்தில் கிருமிகள் குடியேறுகின்றன. கணையத்தின் வழி அடைபடுவதால் சாப்பிட்ட கொழுப்பு செரிப்பதில்லை. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகமாகவும், அவர்களிலும் அயர்லாந்தில் மிக அதிகமாகவும் காணப்படும் நோய் இது. நம்மிடையே அரிது. அரிது என்பதாலேயே தெற்காசியப் பிள்ளைகள் சிலருக்கு ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ எண்ணி ஆண்டுக்கணக்கில் வேறு மருந்து கொடுத்துவிடுவதும் நடக்கிறது.

இந்த நோய் உள்ளவர்களின் வியர்வையில் உப்பு அதிகமாக வெளியேறும். 1948ஆம் ஆண்டு நியூயார்க்கில் கடும் வெயில் அடித்தபோது, உடலில் நீரும் உப்பும் வற்றி மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளில் பலருக்கு இந்த நோய் இருந்ததை மருத்துவர் பால் டி சான்ட்அக்னீஸ் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்றும் நோயைக் கண்டறியப் பயன்படும் வியர்வைச் சோதனை. சிங்கப்பூர் வெயில் அந்த நண்பருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஏற்கெனவே வழி கண்டுபிடித்திருந்தார். எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போடச் சொல்லிக் கடைக்காரரைப் பழக்கி வைத்திருக்கிறார்.

1950களில் இந்த நோயோடு பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதைத் தொடுவதே அபூர்வம். இன்று அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், மணம் முடிக்கிறார்கள், சிங்கப்பூருக்கு மாற்றலாகி வருகிறார்கள். ஆனால் அதற்கு ஒவ்வொரு நாளும் கொடுக்கும் விலை பெரிது. மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்து, உப்புநீர் ஆவி, நெஞ்சைத் தட்டிச் சளியை வெளியேற்றும் பயிற்சி, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் குளிகைகள். எல்லாம் சேர்ந்தால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். காய்ச்சலோ வலியோ இல்லாத நாளிலும் இரண்டு மணி நேரம்.

வீட்டில் இருந்தவரை அவருடைய அம்மா பார்த்துக்கொண்டார். கல்லூரி விடுதிக்குப் போனதும் அந்தக் கருவி போடும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்குமே என்று வாரத்துக்கு நாலு நாள், பிறகு இரண்டு நாள், பிறகு நிறுத்தமே. "நிறுத்தியதும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் ஆபத்து" என்றார். ஒரு குளிர்காலத்தில் நுரையீரலில் கிருமி முற்றி, இரண்டு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. அப்போது இழந்த மூச்சுத் திறனில் ஒரு பகுதி திரும்பவே இல்லையாம்.

இன்னொன்றும் சொன்னார். இந்த நோய் உள்ள இருவர் நேரில் நெருங்கிப் பழகக் கூடாது. ஒருவர் நுரையீரலில் உள்ள கிருமி மற்றவருக்குத் தொற்றினால் ஆபத்து. அதனால் தன்னைப்போலவே குளிகை விழுங்கும் இன்னோர் இளைஞனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டதே இல்லை. அந்த வயதில் அது எவ்வளவு பெரிய தனிமை! எனக்கு வாய்த்தது நேர்மாறானது. அதற்கு வருகிறேன்.

2006ஆம் ஆண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. இரண்டு மாதமாக இருமல். உடம்பு இளைத்தது. அம்மா தூதுவளை ரசம் வைத்தார். பாட்டி திருநீறு பூசினார். இரவில் சட்டை நனைய வியர்த்தபோதுதான் மருத்துவரிடம் போனோம். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. காசநோய்.

அம்மாவின் முதல் கேள்வி "பிழைச்சுக்குவானா?" இல்லை. "யார்கிட்டயும் சொல்ல வேணாமே, டாக்டர்?" என்பதுதான். அம்மாவைக் குறை சொல்லவில்லை. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வாம்போவில் மூவறை வீட்டில் நாங்கள் ஐந்து பேர். காசநோய் வந்த வீடு என்ற பேச்சு ஈப்போவில் இருக்கும் பெரியம்மா காதுக்குப் போனால் பினாங்கு வரை போய்விடும்.

காசநோய் மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டு மாதம் நான்கு வகை, அடுத்த நான்கு மாதம் இரண்டு வகை. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எதாம்பியூட்டால். வெறும் வயிற்றில் மொத்தமாக விழுங்க வேண்டும். காலையில் ஒரு கை நிறைய மாத்திரை. ஒரு மணி நேரம் குமட்டல். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். கண்ணீர்கூட அந்த நிறம் கொள்ளலாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். வீட்டுப் பக்கத்துப் பலதுறை மருந்தகத்துக்குத் தினமும் வந்து, தாதி பார்க்க விழுங்கிவிட்டுப் போகலாம் என்று. சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டு காசநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கியதிலிருந்து பரிந்துரைக்கப்படும் முறை அது. வகுப்பு நேரம் ஒத்துவராது என்று நான் மறுத்தேன். அம்மாவும் ஒத்துக்கொண்டார். மருந்தகத்தில் தினமும் நின்றால் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுமே! ஆக, மாத்திரை வீட்டுக்கு வந்தது. அம்மா அதை ஒரு பழைய மைலோ டப்பாவுக்குள் போட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். இருமல் போயிற்று, எடை கூடியது, பந்து விளையாடப் போனேன். மூன்றாவது மாதம் பெரியம்மா வந்தார். அக்காவுக்கு வந்த வரனைப் பார்ப்பதற்கு. மூன்று வாரம் தங்கினார். "பெரியம்மா குளிக்கப் போறப்ப சாப்பிட்டுடு" என்பது அம்மாவின் ஏற்பாடு. பெரியம்மாவோ நான் கிளம்பிப் போன பிறகுதான் குளிக்கப் போவார். கழிவறையில் ஆரஞ்சு நிறம் தெரிந்துவிடக் கூடாதென்று இரண்டு முறை தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். இதற்குச் சாப்பிடாமலே இருந்துவிடலாமே என்று ஒரு நாள் தோன்றியது. அந்த ஒரு நாள்தான். பெரியம்மா ஊருக்குத் திரும்பிய பிறகும் மைலோ டப்பாவை நான் எடுக்கவில்லை. அம்மா கேட்டால் சாப்பிட்டாச்சு. கணக்குச் சரியாக இருக்க, அன்றன்றைய மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, பேருந்து நிறுத்தத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவேன். ஏறக்குறைய ஐந்து வாரம்.

மோல்மீன் ரோட்டில் காசநோய்க் கட்டுப்பாட்டுப் பிரிவில் மறுபரிசோதனை. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். அங்கே ஒரு தமிழ்த் தாதி. நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"இன்னிக்குக் காலையில மருந்து சாப்ட்டியா தம்பி?"

"சாப்ட்டேன் அக்கா."

ஒரு சிறு கிண்ணத்தைக் கொடுத்தார். நான் யோசிக்கவே இல்லை. போய் நிரப்பி வந்து மேசைமேல் வைத்தேன். வெளிர் மஞ்சள். இருவரும் அதைப் பார்த்தோம். அரை நிமிடம் யாரும் பேசவில்லை.

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "எந்த மாத்திரை கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கவில்லை. எது கஷ்டம் என்றுதான் கேட்டார். நான் அழுதுவிட்டேன். கண்ணீரும் வெள்ளையாகத்தான் வந்தது.

பெரியம்மா, மைலோ டப்பா, குமட்டல், வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம், எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பாதியில் விட்டால் மிஞ்சியிருக்கும் கிருமிகள் அந்த மருந்துகளுக்கு அடங்காதவையாக மாறலாம். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத கிருமியாகிவிட்டால் வேறு மருந்துகள், அதிகப் பக்கவிளைவு, நீண்ட சிகிச்சை. அந்தக் கிருமி வீட்டில் யாருக்குத் தொற்றினாலும் அவர்களுக்கும் அதே கதி. "வீட்டுல வயசானவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். பாட்டிக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. இரவில் என் அறையில்தான் படுப்பார்.

மறுபடி சளி எடுத்து அனுப்பினார்கள். காசநோய்க் கிருமி மெதுவாக வளர்வது. அது வளர்ந்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் பாட்டி இருமினால் எனக்குத் தூக்கம் வராது. வெற்றிலை காறல்தான் அது. இருந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். என் உடம்புக்கு என்ன ஆகுமோ என்று அப்போதும் பெரிதாக நினைக்கவில்லை, உண்மையைச் சொன்னால். பாட்டியைப் பற்றித்தான் நினைப்பு.

அந்தத் தாதியின் சிறு கிண்ணத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு, அதுவும் தமிழ்நாட்டில்தான் என்பது எனக்குப் பல ஆண்டு கழித்தே தெரிந்தது. 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நான்கும் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை வழிநடத்தினார். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் தாம்பரம் போன்ற ஊர்களில் உள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. சென்னையின் ஏழை நோயாளிகள் அத்தனை பேருக்கும் படுக்கைக்கு எங்கே போவது? அதனால் ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மற்றவர்களை வீட்டிலேயே வைத்து, இரு தரப்புக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள்.

1959ஆம் ஆண்டு வெளியான முடிவு மருத்துவ உலகைத் திருப்பிப் போட்டது. சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது. நெருக்கடியான வீட்டில், குறைந்த சாப்பாட்டில், வேலைக்கும் போய்க்கொண்டு மருந்து சாப்பிட்டவர்களில் 86 விழுக்காடு. வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டில் இருந்தவர்களுக்கும் அதிகமாகத் தொற்றிவிடவில்லை. சானடோரியங்கள் மூடப்படுவதற்கு வழி திறந்தது சென்னைதான் என்றால் மிகையில்லை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. மருந்து இலவசம், வீடு தேடி வருகிறார்கள், அப்படியும் சிலர் சாப்பிடவில்லை. அன்றைய மருந்துகளில் ஒன்றான பாஸ் என்பது கிராம் கணக்கில் விழுங்க வேண்டியது, வயிற்றைப் புரட்டுவது. எனவே ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிப் போய், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சோதித்தார்கள். 1960களின் தொடக்கத்தில் அடுத்த படி: வாரத்துக்கு இரண்டு முறை நிலையத்துக்கே வரவழைத்து, கண்முன்னே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிற்காலத்தில் உலகச் சுகாதார நிறுவனம் நாடு நாடாகப் பரப்பிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களில் ஒன்று சேத்துப்பட்டில் இருக்கிறது.

சிங்கப்பூருக்கும் இதில் பங்கு உண்டு. ஒன்றரை ஆண்டு வரை இழுத்த சிகிச்சையை ஆறு மாதமாகச் சுருக்க முடியுமா என்று 1970களில் ஆராய்ந்த இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். மருந்து சாப்பிடாதவனைத் திருத்துவதைவிட மருந்துக் காலத்தைக் குறைப்பது மனிதனைப் புரிந்துகொண்ட வேலை.

சரி, என் கதைக்கு வருகிறேன். சளிப் பரிசோதனை முடிவு வந்தது. எல்லா மருந்துக்கும் கிருமி அடங்குகிறது. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு பெயர் அதற்கு இல்லை. சிகிச்சை காலம் நீண்டது, படைக்குப் போகும் தேதியும் தள்ளிப்போனது. இந்த முறை தினமும் பலதுறை மருந்தகம்.

காலை எட்டு மணிக்கு அங்கே ஒரு சின்ன அறை. சொப்பு மாதிரி ஒரு காகிதக் கிண்ணத்தில் மாத்திரை, இன்னொன்றில் தண்ணீர். தாதி பார்க்க விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டு, அட்டையில் கையெழுத்து. முதல் வாரம் அவமானமாக இருந்தது. சிறுபிள்ளைபோல வாயைத் திறந்து காட்டுவது யாருக்குத்தான் பிடிக்கும்? இரண்டாவது வாரம் ஒரு சீனத் தாத்தா பழக்கமானார். எழுபது வயதுக்கு மேல். ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர். அப்புறம் ஒரு மலாய் அம்மா, பள்ளி உணவகத்தில் கடை வைத்திருந்தவர். தாத்தாவுக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை. "பாய்" என்றுதான் கூப்பிடுவார். நான் ஐந்து நிமிடம் தாமதமானால் "பாய், லேட்!" என்று கடிகாரத்தைக் காட்டுவார். யார் முதலில் முடிப்பது என்று எங்களுக்குள் ஒரு பந்தயம்கூட இருந்தது. அந்த அறையில் மட்டும்தான் என் நோயை நான் யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை.

என் அயர்லாந்து நண்பருக்குக் கிடைக்காதது இதுதான்.

நேரடிக் கண்காணிப்பை எல்லாரும் பாராட்டுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய சுமை. நாள் கூலிக்காரருக்கு ஒரு மணி நேரம் என்பது பணம். கைப்பேசியில் விழுங்குவதைப் படம்பிடித்து அனுப்பும் முறை இப்போது வந்திருக்கிறது. இங்கிலாந்தில் நடந்து 2019ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வில், காணொளி முறைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 70 விழுக்காட்டினர் திட்டமிட்ட வேளைகளில் பெரும்பாலானவற்றை முடித்தார்கள். நேரில் வரச் சொன்னவர்களில் 31 விழுக்காட்டினர் மட்டுமே. எனக்கு அந்தச் சீனத் தாத்தா இல்லாமல் இருந்திருந்தால் நானும் அந்தக் காணொளிக் கட்சிதான்.

நீண்டநாள் நோய்களுக்கு மருந்தை முறையாக எடுப்பவர்கள், வளர்ந்த நாடுகளில்கூடச் சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் சொன்னது. பாதிப்பேர்! அத்தனை பேரும் சோம்பேறிகளாகவோ முட்டாள்களாகவோ இருக்க முடியாது. இளையர்களிடம் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. பன்னிரண்டு வயது வரை மாத்திரை பெற்றோரின் வேலை. இருபத்தைந்துக்கு மேல் அவனவன் வேலை. இடையில் யாருடைய வேலை என்று யாரும் பேசி முடிவு செய்வதே இல்லை. அம்மா இன்னும் தன் வேலை என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளை 'சாப்பிட்டாச்சு' என்று சொல்லித் தப்பிப்பான். ஆஸ்துமா உள்ளவன் இன்ஹேலரைப் பையின் அடியில் புதைப்பான். நீரிழிவுள்ள பெண் நண்பர்களோடு போகும்போது இன்சுலினை வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். நிறுத்தினால் மறுநாளே வலித்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். வலிக்காது. அதுதான் வம்பு.

வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், 'சாப்பிட்டாயா?' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள் என்பேன். அதற்கு ஒரே பதில்தான் வரும். எந்த வேளை தப்புகிறது, எது தொண்டையில் இறங்கவில்லை, யார் பார்த்துவிடக் கூடாது என்று பயப்படுகிறான் என்று கேட்டுப் பாருங்கள். குமட்டினால் மருத்துவரிடம் சொன்னால் வழி செய்வார்கள். எனக்கும் செய்தார்கள். நீங்களாக எதையும் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். பிறகு, அந்த மாத்திரை டப்பா வீட்டில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது அலமாரியின் மேல்தட்டில், மைலோ டப்பாவுக்குள் இருந்தது.

அக்காவின் கல்யாணம் 2007ஆம் ஆண்டு நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டும் என்று அக்காதான் பிடிவாதமாக நின்றாள். அம்மா ஒரு வாரம் சாப்பிடாமல் சண்டை போட்டார். அக்காவே அத்தானிடம் சொன்னாள். அவர் சொன்ன பதில், "எங்க சித்தப்பாவுக்கும் இருந்துச்சு. இப்ப நல்லா இருக்கார்." அவ்வளவுதான். சிங்கப்பூரில் இன்றும் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு மேல் புதிதாகக் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அத்தனை வீட்டிலும் ஒரு மைலோ டப்பா இருக்குமோ என்னவோ.

பாட்டி எண்பத்தாறு வயது வரை இருந்தார். அவருக்குத் தொற்றவில்லை. நான் மாத்திரையைக் குப்பையில் போட்டது கடைசி வரை அவருக்குத் தெரியாது.

நெய்த்தோசை நண்பரிடம் நான் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது காப்பி ஆறிவிட்டிருந்தது. "இப்போது புதிய மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. அதனால் ஆவி பிடிப்பதை நிறுத்தலாமா என்று மறுபடி மனசு கேட்கிறது" என்றார். என்ன செய்தீர்கள் என்றேன். மருத்துவரிடம் அதையே சொன்னாராம். பத்தொன்பது வயதில் சொல்லாததை.

அன்று மாலை அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு இப்போது இரத்த அழுத்தம். மேசைமேல் மாத்திரை அட்டை கிடந்தது. ஒரு வகை மட்டும் கிழமை தவறாமல் வெள்ளிக்கிழமைகளில் பிரிக்கப்படாமல் இருந்தது. "சாப்பிடலையா?" என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "எந்த மாத்திரைம்மா கஷ்டமா இருக்கு?" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "தண்ணி மாத்திரைதான். அதைச் சாப்பிட்டா அடிக்கடி பாத்ரூம் போகணும். வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போறேன்ல, வரிசைல நிக்கிறப்ப எங்க போறது?"

மறுநாள் மருந்தகத்துக்குத் தொலைபேசியில் கேட்டோம். வெள்ளிக்கிழமை மட்டும் கோயிலிலிருந்து வந்த பிறகு, மதியம் சாப்பிடச் சொல்லிவிட்டார்கள்.